மூன்றாவது ஓலை

இந்த வயதிலும் எனக்குச் சர்க்கரை இல்லை. பல்லும் முக்கால்வாசி சொந்தப் பல்தான். பங்குக் கோயிலின் பொன்விழா மலர்க் குழுவினர் வந்து, "வாசகசாலயப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டபோது முதலில் இதைத்தான் சொன்னேன். வந்த மூன்று பேரும் என் பேரப்பிள்ளை வயது. மூன்று பேருக்கும் சர்க்கரை. மனசாட்சி சுத்தமாக இருந்தால் ரத்தமும் சுத்தமாக இருக்கும் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே என் வீட்டு மிக்சரை முழுசாகத் தின்றுவிட்டுப் போனார்கள்.

ரெண்டு பக்கத்தில் இது அடங்காது. முழுப் பக்க விளம்பரம் கொடுத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரர் கொஞ்சம் பெரிய மனது பண்ணி அரைப் பக்கத்துக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வியாகுலம். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வடக்கனந்தல் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்குக்கு ஒரு வாசகசாலை உண்டு என்றால் அது என்னால். கோயிலுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சும் தேர்ச் சக்கரமும் போட்டுவைத்திருந்த அறையைக் கழுவி, ரெண்டு பீரோ நிறையப் புத்தகம் வைத்தேன். வாத்தியார் சம்பளத்தில் இத்தனை புத்தகம் எப்படி வாங்கினீர்கள் என்று அப்போதைய சாமியார் கேட்டார். மாதா கொடுத்தது சாமி என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தனியாக ஆசீர்வாதம் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை என்பதை இதைக் கடைசிவரை படிப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் வாசிப்பு. பெண்கள் பாய் விரித்து உட்காருவார்கள். நான் நாற்காலியில். என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனால் நான் உரக்கப் படித்தால் கச்சிராயபாளையம் பஸ்ஸில் போகிறவர்கள்கூட இங்கே இறங்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

என்னென்னவோ படித்தோம். ஆனால் ஜனங்களைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு நாவல். அட்டை இல்லாதது. பேர் தெரியாது, எழுதியவர் தெரியாது. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கடலூர்க் கோட்டைக்காக அடித்துக்கொண்ட காலத்துக் கதை. எஸ்தர் என்று ஒரு பெண். பட்டாளத்து முகாமில் சாராயம் விற்பாள். காயம்பட்டுக் கிடக்கும் சிப்பாய்களின் விரலில் இருந்து மோதிரம் உருவுவாள். ஞானமுத்து என்று ஒரு தச்சன், சவப்பெட்டி செய்கிறவன், அவள்மேல் ஆசை வைக்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் அவனிடம் தன் பழைய பாவங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுவாள். அவன் தன் மேல்துண்டை எடுத்து அவள் தலையில் போடுவான். வெளியே மழை.

அந்த அத்தியாயம் படித்த சாயங்காலம் எங்கள் வாசகசாலையில் துடைப்பத்தால் தண்ணீர் தள்ளினோம். அந்த வருஷம் கோடையில் வடக்கனந்தல் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. எங்கள் தரையில் மட்டும் கணுக்கால் அளவு கண்ணீர். மாதா சபைத் தலைவி ராணியம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அந்த எஸ்தரு மட்டும் இப்ப என் எதிர்ல வந்து நின்னான்னு வெச்சிக்கோங்க சார், இந்தக் கையாலயே காலக் கழுவி வூட்டுக்குள்ள கூட்டிக்கினு போயி சோறு போடுவேன்."

"போடுவ, போடுவ" என்றார் பாப்பாத்தி. பக்கத்துத் தெருவில் இட்லி சுட்டு விற்பவர். வேதத்தில் சேராதவர், கதைக்காக மட்டும் வருவார். "இட்லிக் கடன கேட்டு வந்தா எனக்கே தண்ணி குடுக்க மாட்டேன்ற, எஸ்தருக்குச் சோறாம்."

நாவலில் ஒரே குறை: கடைசிப் பக்கங்கள் இல்லை. எஸ்தருக்கும் ஞானமுத்துவுக்கும் கோயிலில் கல்யாணம் என்று அறிவிக்கிற இடத்தில் கதை நின்றுவிடும். கரையான் தின்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவர்களும் கரையானைச் சபித்துவிட்டு, "நீங்களே எதனா முடிச்சி வையுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் அந்த முடிவு தெரியாமல் தூக்கம் வராது. ஒரு வாசகனுடைய வேதனை அது. வாசிக்காதவர்களுக்குப் புரியாது.

இப்போது ஆனந்தமேரி.

அப்போது முப்பத்துச் சொச்சம் வயது இருக்கும். சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் சமையல். அதற்கு ரெண்டு வருஷம் முன்புதான் கல்வராயன் மலையில் இருந்து, அங்கே சிஸ்டர்களோடு இருந்தவள், இங்கே இறங்கி வந்தாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "சார், நீங்க இங்கியா இருக்கீங்க? இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே மொகம் நீங்கதான் சார்."

உண்மைதான். அதற்குப் பல வருஷம் முன்பு களமருதூருக்குத் தெற்கே ஒரு சின்னப் பங்கில் நான் வாத்தியாராக இருந்தேன். கோயில் வேலையையும் கூடமாட பார்த்துக்கொள்வேன். மாதா சுரூபத்துக்குச் சேலை மாற்றி, பூ வைத்து, நகை போட்டுவிடுவது ஆனந்தமேரி. கண்ணாடிப் பெட்டியின் சாவி பூசைச் சாமான் வைக்கும் சக்கிரீஸ்து அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். திருநாள் முடிந்து கொடி இறக்கிய மறுநாள் பார்த்தால் மாதா தலையில் வெள்ளிக் கிரீடம் இல்லை. யார் கடைசியாகத் தொட்டது என்று பார்த்தார்கள். சேலை மாற்றுகிறவள்தானே தொட்டிருப்பாள். அவளைத் தூணில் கட்டிவைத்து அடிக்க வந்தபோது நடுவில் புகுந்து தடுத்தது நான். "அடிக்காதீர்கள். ஏழைப் பெண். வறுமையில் செய்துவிட்டாள். மன்னித்துவிடுவோம்" என்று உருக்கமாகப் பேசினேன். நான் பேசும்வரை பாதிப் பேருக்குச் சந்தேகம் இருந்தது. பேசி முடித்ததும் ஒருவருக்கும் இல்லை. அடி விழவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வெயிலில் முழந்தாள் போடச் சொல்லி, அப்புறம் சிஸ்டர்களோடு மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தன்னைக் காப்பாற்றியது நான் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

இங்கே அவளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. விட்டால் எனக்கென்ன லாபம். சனிக்கிழமை வாசிப்புக்கு அவளும் வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள். ஒரு விசித்திரம் பாருங்கள்: ஒன்பதாம் அத்தியாயத்தில் எல்லாரும் அழும்போது அவள் மட்டும் அழமாட்டாள். ஒரு தடவை கேட்டேன். "எஸ்தரு எடுத்தா, எடுத்தேன்னு சொல்லி அழுவறா. அவளுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது சார்" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ரசனை இல்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு டேவிட் வந்தான். சர்க்கரை ஆலையில் பிட்டர். மனைவியை இழந்தவன், நாற்பது வயது, சாப்பாட்டுக்கு விடுதிக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வருவான், பாத்திரம் நிறைந்த பிறகும் போகமாட்டான். ரெண்டு பேருக்கும் கல்யாணம் என்று முடிவாகி, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் வாசிப்பார்கள். இவர்களுக்குள் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார்கள். முடித்துவிட்டு ஒரு மூச்சு இழுக்கும் நேரம் சும்மா நிற்பார்கள். அந்த நேரத்தில் யாராவது இருமுவது நம் பங்கின் வழக்கம். வாசிப்பது எப்போதும் நான்.

ரெண்டாவது ஓலை வாசித்த பிறகு ஆனந்தமேரி வாசகசாலைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், டேவிட்டு கிட்ட எல்லாத்தயும் சொல்ட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"கிரீடம் காணாம போனது, முட்டி போட்டது, எல்லாம். அவுரு இன்னான்றாரு தெரியுமா சார்? நீ எடுக்கலன்னா வேற எவனோ எடுத்துருக்கான். எடுத்தவன் வெள்ளிய துன்னுட்டா இருப்பான், எங்கியாவது வித்துருப்பான்ல, நான் போயி விசாரிக்கறேன்றாரு."

"பழசை எதுக்கும்மா கிளறிக்கிட்டு?"

"நானும் அதான் சார் சொன்னேன். மூணாவது ஓல வாசிக்கறதுக்குள்ள உம்பேரு சுத்தமாவணும்றாரு. எனக்குக்கூட ஒரு மாரி ஆச வந்துட்டுச்சி சார்."

மெக்கானிக்குகளிடம் இருக்கும் கெட்ட பழக்கம் இது. ஓடுகிற வண்டியை விடமாட்டார்கள். எங்கேயோ சத்தம் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஞானமுத்து ஒரு தச்சன். மேல்துண்டைப் போட்டான், விஷயம் முடிந்தது. இந்த டேவிட்டுக்குத் துண்டு போடத் தெரியவில்லை. விசாரிக்கக் கிளம்புகிறானாம். யோசித்துப் பாருங்கள், அவள் குற்றமே செய்யவில்லை என்று ஆகிவிட்டால் அவளை யார் மீட்பது, எதிலிருந்து மீட்பது? கதையே இல்லாமல் போய்விடும். ஒரு வாசகனாக எனக்கு அது உறுத்தியது. வேறெதுவும் உறுத்தவில்லை.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர். கள்ளக்குறிச்சி ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. கேட்பது நியாயமா இல்லையா என்று வாசகசாலை வாசலில் தினமும் சண்டை. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்சி மாறி ரெண்டு பக்கமும் பேசினேன். ரெண்டு பக்கமும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பாண்டிச்சேரிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த பங்குச் சாமியார் அங்கேயே மாட்டிக்கொண்டார். யாரும் எங்கிருந்தும் வரமுடியாது, யாரும் எங்கேயும் போகமுடியாது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த வாரம் ரொம்பப் பிடித்திருந்தது.

டேவிட் மட்டும் சைக்கிளை எடுத்துவிட்டான்.

"மரம் கெடந்தா இன்னா சார், சைக்கிள தோள்ல தூக்கிக்கினு தாண்டிட்டுப் போறேன். நீங்கதான் அந்த ஊர்ல இருந்தவரு. அப்ப அந்தப் பக்கத்துல பழைய வெள்ளி வாங்கற ஆசாரிங்க எங்கெங்க இருந்தாங்க, சொல்லுங்க."

சொன்னேன். ஒரு கடைவீதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். "திருநாவலூரில் போய்த் தேடு தம்பி, அங்கேதான் இருக்கும்" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். பூகோளம் மட்டும் நான் எப்போதும் சுமாராகத்தான் பாடம் எடுத்தேன். இங்கிருந்து திருநாவலூர் போகிறவன் உளுந்தூர்ப்பேட்டைக் கடைவீதி வழியாகத்தான் போகவேண்டும் என்பது அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. டேவிட் திரும்பவில்லை. சாமியார் இல்லாததால் பூசை இல்லை. ஜெபத்தை நானே நடத்தினேன். ரோட்டில் பஸ் ஓடாததால் வெளியூர் போகிறவர்களும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். அத்தனை கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வராது. சுவரெல்லாம் பிதுங்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது ஓலையை வாசித்தேன். தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தேன். இருமும் நேரம் வந்தது. நான் இருமவில்லை, பேசினேன்.

நன்றாகவே பேசினேன். எஸ்தருக்காக அழுதவர்களே என்று ஆரம்பித்தேன். அந்த எஸ்தர் கடலூர்க் கோட்டையில் இல்லை, கடைசி வரிசையில் நீலப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். மாதாவின் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்தவள், பாவம், பெரிய பாவம்தான், ஆனால் நாம் எல்லாரும் அவளைக் கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் என்றேன். என் குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது. அது நடிப்பில்லை. மீட்பைப் பற்றிப் பேசினால் எனக்கு எப்போதுமே உடையும்.

யாரும் கட்டித் தழுவவில்லை. சுற்றி இருந்த பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவளைச் சுற்றி வட்டமாக வெறும் தரை.

ஆனந்தமேரி எழுந்து நின்றாள். "சார்... நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார். அன்னிக்கு எனக்காகப் பேசுனது நீங்கதான."

"அதனால்தான் அம்மா இன்றைக்கும் பேசுகிறேன். ஒரு வார்த்தை ஒத்துக்கொள். எல்லாரும் மன்னிக்கக் காத்திருக்கிறார்கள்."

"எடுக்காதத எப்படி சார் ஒத்துக்கறது?"

ராணியம்மாள் எழுந்தார். காலைக் கழுவத்தான் எழுகிறார் என்று ஒரு நிமிஷம் நானே நினைத்துவிட்டேன். "மாதா கிரீடத்துல கை வெச்சவ எங்கூட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறுனாளே சாமி. எம் பாத்திரத்த எல்லாம் போயி எடுத்துப் பாக்கணும்" என்றார்.

"அடிப்பாவி" என்று வாசல் பக்கம் இருந்து பாப்பாத்தியின் குரல் கேட்டது. "கதையில திருடுனா கண்ணுல தண்ணி, எதிர்ல வந்து நின்னா கையில செருப்பா?"

டேவிட்டின் அம்மா என்னிடம் நேராக வந்து கேட்டார். "எம்புள்ளைக்கு இது தெரியுமா சார்? அவன் எங்க?"

"தெரிந்துதான் கிளம்பிப் போனான் அம்மா" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

மதியம் ஆனந்தமேரி வாசகசாலைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. விடுதியில் இருக்கவேண்டாம் என்று சிஸ்டர்களே சொல்லிவிட்டார்களா, அவளாகவே கிளம்பினாளா, நான் கேட்கவில்லை. என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "நீங்க நல்லதுன்னு நெனச்சித்தான் சொல்லிருப்பீங்க சார்" என்றாள். இந்த மாதிரிப் பெண்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி உருப்படுவது.

"டேவிட்டு வருவாரு சார். எனக்குத் தெரியும். வந்தா சொல்லுங்க, கோமுகி அணைகிட்ட பஸ்ஸு திரும்பற எடத்துல ஒக்காந்துக்கினு இருக்கேன்னு. இருட்டற வரிக்கும் இருப்பேன். வரலன்னா அவுருக்கும் நம்பிக்க போயிடுச்சின்னு நெனச்சிக்கறேன். நடந்தே மேல சிஸ்டருங்க கிட்ட போயிடறேன்."

"சொல்கிறேன் அம்மா" என்றேன்.

மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாப்பாத்தி மட்டும் தெருமுனைவரை கூடப் போய், ஒரு பொட்டலம் இட்லியைக் கையில் திணித்துவிட்டு வந்தார்.

வெயில் தாழும்போது டேவிட் வந்தான். சட்டை கிழிந்து, முழங்கால் சிராய்த்து, பின் சக்கரத்தில் காற்றில்லாமல். ஆனால் முகம் மட்டும் மணமேடையில் நிற்கிறவன் முகம். விடுதியில் எட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தான். வேறு யாரிடம் வருவான்.

"ஆள் ஆம்புட்டுக்கிச்சி சார். உளுந்தூர்ப்பேட்டையில பழனி ஆசாரின்னு ஒரு பெரியவரு. அவருதான் அந்தக் கிரீடத்த வாங்கி உருக்குனது. வித்தது பொம்பள இல்ல, ஆம்பளன்றாரு. பேரு தெரியல, ஆனா ஒரு அடையாளம் சொன்னாரு. அது அப்பறம் சார். மொதல்ல அவகிட்ட சொல்லணும். விடுதியில இல்லியே, எங்க போனா?"

எனக்குப் பின்னால் பீரோ. பீரோவில் அந்த அட்டையில்லாத நாவல். மலை ரோடு வலது பக்கம். நான் இடது பக்கம் கை காட்டினேன். "உன்னைத் தேடிக்கொண்டு வயல் குறுக்கு வழியாகக் கள்ளக்குறிச்சி ரோட்டுக்குப் போனாள், அதனால்தான் வழியில் நீ பார்க்கவில்லை. சீக்கிரம் போனால் பிடித்துவிடலாம்."

வந்த வழியே, அதே மரங்களைத் தாண்டிக்கொண்டு, அதே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் இடது பக்கம் ஓடியதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

அணைகிட்ட அவள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள் என்று அங்கே மாடு மேய்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். இட்லியைப் பிரிக்கவில்லையாம். அப்புறம் மலைப்பாதையில் ஏறினாள். மேலே நல்ல மழை. வழியில் ஒரு ஓடை உண்டு, வெயில் காலத்தில் செருப்புக்கூட நனையாது. ரெண்டு நாள் கழித்துக் கடுக்காய் பொறுக்கப் போன மலைப் பெண்கள் நீலப் புடவையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஓடையை நான் உண்டாக்கவில்லை. மழையை நான் பெய்விக்கவில்லை. ஒரு திசை காட்டினேன், அவ்வளவுதான்.

மறியல் முடிந்து, சாமியார் திரும்பி வந்து அடக்கம் செய்தார். அடக்கத்துக்கு அத்தனை பெண்களும் வந்தார்கள். எஸ்தருக்கு அழுததைவிட ஜாஸ்தியாக அழுதார்கள் என்பதை நான் பெருமையோடு பதிவு செய்கிறேன். ராணியம்மாள் தன் வாக்கைக் காப்பாற்றினார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் கையாலேயே ஆனந்தமேரியின் காலைக் கழுவினார். கால் அப்போது எதிர்ப்புச் சொல்லும் நிலையில் இல்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் எனக்கு நாவலின் முடிவு கிடைத்தது. உட்கார்ந்து எழுதினேன். எஸ்தர் கல்யாணத்துக்கு முந்தின நாள் கெடிலத்தில் வெள்ளம் பார்க்காமல் இறங்குகிறாள்; ஞானமுத்து வருவதற்குள் தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது; கரையில் நின்று ஊரே அவளை மன்னிக்கிறது. நாவலுக்குள் அந்தத் தாள்களைச் செருகி வைத்துச் சனிக்கிழமை படித்தேன். பெண்கள் விம்மினார்கள். "நம்ம ஆனந்தமேரி மாரியே சார்" என்றார்கள். என்னாலும் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் டேவிட். வாசிப்புக்கு வராதவன். என் கையில் இருந்த அட்டையில்லாத புத்தகத்தைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். என் ஈரக் கன்னத்தைப் பார்த்தான். பிட்டர்தானே, மூன்றையும் கோர்க்க எவ்வளவு நேரமாகும்.

சத்தம் போடாமல்தான் பேசினான். "ஆசாரி சொன்ன அடையாளம் இதுதான். வெள்ளி உருகற வரிக்கும் ஓரமா ஒக்காந்து, அட்டையில்லாத புக்கு ஒண்ண படிச்சிக்கினு, கண்ணாடிய கழட்டிக் கழட்டிக் கண்ணத் தொடச்சிக்கினு இருந்தாராம். இப்படி அழுவற மனுசன் திருட்டு வெள்ளி விப்பாரான்னு நெனச்சி வாங்கிட்டேன்னாரு ஆசாரி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"பாவம், துக்கத்துல என்னாத்தயோ பேசறான்" என்றார் ராணியம்மாள். "யாராவது அவனுக்குத் தண்ணி குடுங்க. சார், அந்தக் கடசிப் பக்கத்த இன்னொரு தபா படிங்க."

படித்தேன். முதல் தடவையைவிட நன்றாக வந்தது. பாப்பாத்தி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் வாசிப்புக்கு வரவேயில்லை. ஒரு நல்ல ரசிகை போனது நஷ்டம்தான். டேவிட் ஆலை வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டான். அந்த ஓடைக்கு மரப்பாலம் போட்டது அவன்தான் என்கிறார்கள்.

மலர்க் குழுவினர் விவரமாகக் கேட்டதால் விவரமாகவே சொல்லி முடிக்கிறேன். கிரீடத்தை எடுத்தது நான். கடலூரில் ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டுப் புத்தகங்களை மொத்தமாக விற்றார்கள். ரெண்டு பீரோ புத்தகம். மாதிரிக்கு ஒன்றை எடுத்துப்போங்கள், மிச்சத்துக்குப் பணத்தோடு வாருங்கள் என்றார்கள். எடுத்து வந்தது அந்த நாவல். ரெண்டே நாளில் முக்கால்வாசி படித்துவிட்டேன். அப்புறம் அந்தப் பீரோக்கள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சாவி ஆணியில்தான் தொங்கியது. கிரீடத்தை வளைத்து மடக்கி, சுற்றுவதற்குக் கைக்கு வேறு காகிதம் அகப்படாமல், நாவலின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துச் சுற்றினேன். விற்றபின் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிப் படித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். நான் முந்தின அத்தியாயத்தில் மூழ்கியிருந்த நேரத்தில் ஆசாரி அதை உலையில் போட்டுவிட்டார். கரையான்மேல் வீண்பழி போட்டதற்கு வருந்துகிறேன்.

இந்தப் பொன்விழாவில் நம் மாதாவுக்குப் புதுத் தங்கக் கிரீடம். பங்கின் மூத்த வாசகன் என்ற முறையில் அதைச் சூட்டும் பாக்கியத்தை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். கை நடுங்காது; எனக்குச் சர்க்கரை இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

ஆனந்தமேரிமேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. அன்றைக்கு அத்தனை ஜனம் காத்திருக்கும்போது, நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதை அழகாக முடிந்திருக்கும், அவளும் உயிரோடு இருந்திருப்பாள். பிடிவாதம். இருந்தாலும் வருஷா வருஷம் அவள் பெயரில் என் செலவில்தான் பூசை நடக்கிறது. மாதாவின் கிரீடத்தை எடுத்ததற்காக அவளை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.